சாமி மரமென்றால் அசோகன்

பயப்படாத ஆள் என்று ஒருத்தன் பேர் வாங்கிவிட்டால் போதும், ஊரில் இருக்கிற அத்தனை பேரின் பயத்தையும் மூட்டை கட்டி அவன் தலையில் ஏற்றிவிடுவார்கள். எம்.கே.பி. நகர் அசோகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. மரம் வெட்டுகிற ஆட்களுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. முருங்கை, கொய்யா, வாதா மரம் என்றால் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஆனால் மரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தாலோ, கிளையில் ஒரு குட்டித் தொட்டில் தொங்கினாலோ, அடுத்த நிமிடமே எல்லாருக்கும் இடுப்புவலி வந்துவிடும். அசோகன் நம்பரைக் கொடுத்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

எல்லாம் வர்தா புயலில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அவன் எண்ணூர் பக்கம் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தான். ஊர் முழுக்க மரங்கள் குப்புற விழுந்து கிடந்த அந்த டிசம்பரில், மரம் அறுக்கிற பெட்ரோல் மிசின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்கியவன், திரும்பச் சாரத்தில் ஏறவே இல்லை. பெரம்பூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் அரசமரம் பாதி சாய்ந்து நின்றது. அடியில் நாகர் சிலை. நாலு ஆட்கள் வந்து பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அசோகன் சிலையை அலுங்காமல் தூக்கி ஓரமாக வைத்தான், மத்தியானத்துக்குள் மரத்தை முடித்தான், வீட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கினான். காலையில் எழுந்து பார்த்தால் கை கால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தச் செய்தி அவனுக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

அப்பா காலத்திலேயே புத்த மதம் தழுவிய குடும்பம் அவனுடையது. சாமி கண்ணைக் குத்தும் என்று யாரும் அவனுக்குச் சொல்லி வளர்க்கவில்லை. அதனால் ராயபுரத்தில் சுவரைப் பிளந்த அரசு, புளியந்தோப்பில் பேய் இருந்த புளி என்று வரிசையாக வந்தன. அவன் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான், அவன் மிசினுக்கு. பெட்ரோலில் ஆயிலை அவனே கலந்தால்தான் அவனுக்குத் திருப்தி. பிளேடின் முனை மரத்தில் தப்பாகப் பட்டால் மிசின் எகிறி முகத்துக்கு வரும். மிசின் கையில் இருக்கும்வரை அவன் யாரோடும் விளையாட்டுப் பேச்சுப் பேசமாட்டான். இறக்கி வைத்துவிட்டால் நிறுத்தவும் மாட்டான்.

கூட வேலை செய்வது அவன் பெண்டாட்டி ரமாபாய். மேலே அவன் கையில் மிசின், கீழே அவள் கையில் கயிறு. காசிமேட்டில் வாங்கிய தடித்த நைலான் கயிறு. வடசென்னைக் கொல்லைகளில் மரம் விழ இடம் கிடையாது. நாலு பக்கமும் யாரோ ஒருவருடைய ஷீட்டுக் கூரை. ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி அறுத்து, தூங்குகிற பிள்ளையை இறக்குவது மாதிரி இறக்க வேண்டும். மிசின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கயிற்றை ஒருமுறை சுண்டினால் அறு, இரண்டுமுறை சுண்டினால் நிறுத்து. பத்தொன்பது வருஷ சம்சாரத்தில் தான் சொன்னதை அவன் உடனே கேட்கிற ஒரே இடம் அதுதான் என்று ரமாபாய் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

இந்த ஐப்பசியில் அவர்களைக் கூப்பிட்டவர் சுயம்பு அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, திருவொற்றியூர் தேரடிக்கு வடக்கே முப்பது வருஷமாக மளிகைக் கடை நடத்துகிறவர். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லையின் மூலையில் ஒரு பெரிய வேம்பு. மதில் கட்டும்போது மரத்தை வெட்ட மனமில்லாமல் மதிலை உள்ளே வளைத்துக் கட்டியிருந்தார். அதனால் மரம் இருந்தது அண்ணாச்சி நிலத்தில், முகம் காட்டியது பின்பக்கத்துச் சந்துக்கு. அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி, இடுப்பு உயரத்துக்கு மஞ்சளும் குங்குமமும், முன்னால் ஒரு குட்டிச் சூலம், அகல் விளக்குகள்.

அசோகன் அரிவாளின் முதுகால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தான். காலி டிரம்மைத் தட்டினது மாதிரி கேட்டது. கறையான் உள்ளே ஊரே கட்டியிருந்தது. போன மழையில் ஒரு சாண் சாய்ந்த மரம், சந்தின் எதிர்ப்பக்கம் குடியிருந்த குப்பம்மா என்பவளின் ஷீட்டு வீட்டைப் பார்த்துக் குனிந்து நின்றது. இந்த மழைக்குத் தாங்காது. வெட்டுவதற்கு அனுமதிக் கடிதம்கூட அண்ணாச்சி கையில் வந்துவிட்டது. வெட்டத்தான் ஆளில்லை.

அண்ணாச்சி அவர்கள் இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிப் போய், மாடிக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். அந்தத் துணியைக் கட்டியதே அவர்தானாம்.

சந்தின் மறுமுனை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போய் முட்டுகிறது. அங்கே துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். அரை நாள் நிற்கும், சமயத்தில் இரண்டு நாளும் நிற்கும். வண்டியை விட்டுவிட்டுத் தூரமாகப் போக முடியாத டிரைவர்களுக்கு, கண்ணில் படுகிற முதல் சந்துதான் கக்கூஸ். அண்ணாச்சி போர்டு எழுதி வைத்தார், பினாயில் கொட்டினார், சண்டை போட்டார், ஒருநாள் அடியும் வாங்கினார். கடைசியில், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, வீட்டம்மாவின் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து மரத்தில் சுற்றி, மஞ்சள் பூசி, மூன்று எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டார். ஒரே வாரத்தில் சந்து மணந்தது.

அத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஒரு மாதத்தில் யாரோ விளக்கேற்றினார்கள். ஒரு வருஷத்தில் சூலம் வந்தது. அடுத்த ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு நன்கொடை கேட்டு ஆட்கள் அண்ணாச்சி கடைக்கே வந்து நின்றார்கள். இல்லையென்று சொல்ல முடியுமா? அன்றிலிருந்து வருஷா வருஷம், தான் கட்டிய துணிக்குத் தானே கேழ்வரகு மூட்டை தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். போகப் போக அவரே மரத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். இப்போது உண்மையைச் சொன்னால் தெருவே திரும்பிக்கொள்ளும், ஒருத்தர் கடைக்கு வந்து உப்புகூட வாங்கமாட்டார்கள் என்று சொல்லி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க புத்த மதம்லா. உங்கள அம்மன் ஒண்ணுஞ் செய்யமாட்டா. அதான் உங்கள தேடிப் புடிச்சேன்."

அசோகன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். இந்த வசனம் அவனுக்கு மனப்பாடம். ரமாபாய் மட்டும் இதை ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

"செஞ்சா எங்கள செஞ்சிட்டுப் போவட்டும்னுதான் தேடுனீங்கன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா உள்ளத சொல்லணும்," என்றாள்.

அண்ணாச்சி மாடித் தரையைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரில்லை. ஆமாம் என்பது மாதிரி தலையசைத்தார். உள்ளதை ஒத்துக்கொண்டதால் ரமாபாய் வேலைக்குச் சம்மதித்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மிசினும் கயிறுமாக வந்து இறங்கினால், மரத்தடியில், மஞ்சள் துணியில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் குப்பம்மா. ஐம்பது வயது. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கிறவள். அன்றைக்கு மீனுக்கே போகவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அண்ணாச்சி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அசோகன் இதையெல்லாம் பார்க்காதவனா? சாமி மரம் என்றால் யாராவது ஒருத்தர் குறுக்கே உட்காரத்தான் செய்வார்கள். அவன் பக்கத்தில் குந்திக்கொண்டு, எப்போதும் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தான். பெரம்பூர் அரசமரத்தைப் பற்றிச் சொன்னான். அம்மனுக்கு வேறொரு வேப்பங்கன்று வைத்துவிடலாம் என்றான். பாவம் எதுவானாலும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்றான். மரம் விழுந்தால் முதலில் அவள் கூரையில்தான் விழும் என்பதையும் சொன்னான். குப்பம்மா வெற்றிலையை மென்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அவன் முடித்ததும், மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"துணி கட்னது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா நைனா? அன்னிக்கி நாலு மணிக்கு ஏலத்துக்குக் கெளம்பிகினு இருந்தேன். அண்ணாச்சி எலுமிச்சம்பழத்த மடியில கட்டிகினு, திருடன் கணக்கா வந்து கட்டிட்டு ஓடுனாரு. அப்பால மொத வெளக்க ஏத்துனது யாரு? நான்தான்."

அசோகன் தலையைத் திருப்பி மாடியைப் பார்த்தான். குப்பம்மா நிறுத்தவில்லை.

"எனக்கு சாமி பயம் இல்ல. மனுசன் பயம்தான் கீது. மின்ன இந்த சந்துல தலைய குனிஞ்சிகினேதான் நடப்போம். நாங்க வந்தா லாரிக்காரனுங்க திரும்பிக்கமாட்டானுங்க. சில பேரு வேணும்னே நம்ம பக்கமா திரும்புவானுங்க. என் பொண்ணு இந்த சந்தாண்டயே வரமாட்டேன்னு ரோட்ட சுத்திகினு ஸ்கூலுக்குப் போச்சு. துணி கட்னதுக்கு அப்பால பதினோரு வருசமா நிமுந்து நடக்கறோம். மரம் என் தலையில வியும்னு எனக்கும் தெரியும். நீ அறுத்துட்டு மிசின தூக்கிகினு பூடுவ. நாளைக்கு நாலு மணிக்கு நான் இதே வழியா போவணும். அதுக்கு இன்னா சொல்ற?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய பயத்தை அசோகன் சிரித்தே ஊதித் தள்ளியிருக்கிறான். எதுவும் நிஜமாக இருந்ததில்லை. இவளுடைய பயம் நிஜம். அதைச் சிரித்து ஊதத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. கயிறு கட்ட இடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சும்மா ஒரு சாக்குச் சொல்லி மாடிக்குப் போனான். ரமாபாய் கீழேயே இருந்தாள். குப்பம்மா பேசியது அவளுக்குக் கேட்டிருந்தது.

மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சந்தைப் பார்த்தபடி நின்றான். எக்ஸ்பிரஸ் ரோடு பக்கமிருந்து ஒரு லாரி டிரைவர் அவசரமாக உள்ளே வந்தான். பாதி தூரம் வந்தான், நின்றான், திரும்பிப் போய்விட்டான். ஐந்து நிமிடம் கழித்து இன்னொருத்தன், அவனும் அதே மாதிரி. மூன்றாவது ஆள் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்து, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பினான். அசோகன் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தான். அவர்கள் திரும்பிய இடத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் துணி கண்ணில் பட வழியே இல்லை. குப்பம்மாவின் அகலமான முதுகு அதை முழுசாக மறைத்திருந்தது. வந்தவர்கள் பார்த்ததெல்லாம், ஒரு பொம்பளை சந்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பதைத்தான்.

இரண்டு இரண்டு படியாகக் கீழே இறங்கினான்.

"யக்கா, உன்ன பாத்துதான் மூணு பேரு திரும்பிப் போனான். துணிய எவனும் பாக்கல," என்றான்.

அதற்காகத் தான் வாழ்நாள் பூரா இங்கேயே உட்கார்ந்திருக்க முடியுமா என்று குப்பம்மா கேட்டாள். நீ ஒருத்தியே ஏன் உட்காரணும், என்றான் அசோகன். அடிதான் சொத்தை, மேலே மரம் கல்லு மாதிரி இருக்கிறது, அதை உட்காருகிற உயரத்துக்குத் துண்டு துண்டாக அறுத்து மதிலோரம் வரிசையாகப் போட்டுத் தருகிறேன் என்றான். வேப்பமரம், பத்து வருஷத்துக்கு அசையாது. விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவர்கள் எங்கே நின்று ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று ரமாபாய் நடுவில் புகுந்து கேட்டாள். ரோட்டு முனையில், ஆறு பேர், என்று பதில் வந்தது. ஆறு பேரும் இங்கேயே உட்கார்ந்து காத்திருந்தால் என்ன, சாயங்காலம் மீன் கூடையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற பேச்சை இங்கே உட்கார்ந்து பேசினால் என்ன என்றாள். இருட்டில் எங்கே உட்காருவது என்று தள்ளி நின்ற பெண்களில் ஒருத்தி கேட்டாள். ரமாபாய் தலையைத் தூக்கி, மாடியைப் பார்த்து, சந்துப் பக்கம் ஒரு பெரிய லைட்டு போட முடியுமா என்று அண்ணாச்சியைக் கேட்டாள். முடியும், இன்றைக்கே முடியும் என்று உடனே பதில் வந்தது. தலை மட்டும் தெரியவில்லை.

குப்பம்மா வெற்றிலையைத் துப்பினாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பார்க்கலாம் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை என்று, மாடியைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும்.

அண்ணாச்சி கீழே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பதினோரு வருஷமாகக் காத்து, மாடிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன ரகசியம் எதிர்வீட்டுக்கு முதல் நாளே தெரியும் என்பது சின்ன அடியா? பெண்கள் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருத்தி சிரித்தாள், பிறகு இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் எல்லாருமே சிரித்துவிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முடிச்சை அவிழ்த்தார். துணி கையில் வந்ததும் மரத்தைப் பார்த்து, எங்களுக்காக இத்தன வருஷம் காவல் நின்னியே தாயி, என்று சொல்லி அழுதுவிட்டார். நம்பிக்கை இல்லாத அசோகனுக்கும் கண் கலங்கியது. மரத்தூள் விழுந்துவிட்டது என்றான். மிசினை இன்னும் எடுக்கவே இல்லை என்று ரமாபாய் ஞாபகப்படுத்தினாள்.

அப்புறம் வேலை வேலையாக நடந்தது. அடி சொத்தை என்பதால், மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு, மாடியிலிருந்தும் ஏணியிலிருந்தும்தான் அறுக்க முடிந்தது. மிசினின் சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டர் கயிற்றை நாலு இழுப்பு இழுத்ததும் அது உறுமியது. மதில்மேல் இருந்த காக்காயெல்லாம் எழும்பிப் போயின. சாய்ந்த பக்கத்துக் கிளைகள்தான் முதலில். ஒவ்வொன்றும் குப்பம்மாவின் ஷீட்டுக்கு ஒரு முழம் மேலே ஊசலாடி, ரமாபாயின் கயிற்றில் மெதுவாகச் சந்தில் இறங்கியது. ஒரே ஒருமுறை கயிறு இரண்டுதரம் சுண்டியது. அசோகன் அந்த நொடியே மிசினை நிறுத்தினான். அடியில் ஒரு பெண் கிளையைத் தாண்டி ஓடிவந்து, விளக்குகளை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மணிக்கு நடுமரத்தைத் துண்டு துண்டாக இறக்கிவிட்டு, கடைசியாக அடிமரத்தைத் தரையோடு அறுத்தபோது, உள்ளேயிருந்து கறையான் மண்தான் கொட்டியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படி நின்றது என்று எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

உட்காருகிற துண்டுகளுக்குக் குப்பம்மாதான் அளவு. ஒன்றை அறுத்து வைத்தான், உட்கார்ந்து பார்த்தாள், உயரம் என்றாள். இரண்டு விரல் குறைத்தான். சரியென்றாள். மொத்தம் எட்டுத் துண்டு வந்தது. மதிலோரம் வரிசையாகப் போட்டு, ஆடாமல் இருக்க அடியில் ஓட்டாஞ்சில்லு கொடுத்து, மேல்பக்கத்தைச் சேலை கிழிக்காதபடி மிசினாலேயே வழவழவென்று சீவிக் கொடுத்தான். இருட்டுவதற்குள் அண்ணாச்சியின் லைட்டும் வந்துவிட்டது. கல்யாண வீட்டு வெளிச்சம். பெண்கள் ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு முறத்தோடு, யாருக்கோ நடக்கப்போகிற கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு.

ரமாபாய் முன்பக்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நாலு பாட்டில் தண்ணீர் குடித்திருந்த அசோகனுக்கு அப்போதுதான் அவசரம் தெரிந்தது. மிசின் அதிர்வில் கை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. வேறு யோசனையே இல்லாமல், இத்தனை வருஷமாக எந்தக் கொல்லையில் வேலை முடித்தாலும் செய்கிற மாதிரி, கால் தானாகச் சந்தில், மதிலின் மறுகோடிக்குப் போயிற்று. வெளிச்சம் எட்டாத கோடி அது. பேண்ட்டில் கை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா நைனா, இன்னும் எதுனா அறுக்கணுமா?" என்றாள் குப்பம்மா.

இல்லக்கா, சும்மா மதிலைப் பார்த்தேன் என்றான். காது வரைக்கும் சூடேறியது. எந்த அரசமரமும் புளியமரமும் அவனை இப்படி வெட்கப்படுத்தியதில்லை. பேயைப் பார்த்தவன் மாதிரி அங்கிருந்து கிளம்பினான். பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குப் பத்து நிமிட நடை, அவன் இருந்த நிலைமையில் அது பத்து மைல். சந்து முடிகிற இடத்தில், லாரியிலிருந்து அப்போதுதான் குதித்து இறங்கிய ஒரு டிரைவர் அவனை நிறுத்தி, உள்ளே ஒதுங்க இடம் இருக்கிறதா என்று கேட்டான்.

"அங்க போவாத மாமு, பொம்பளைங்க குந்தினுகீறாங்க. எனக்கும் அவசரந்தான். எங்கூட வா," என்று சொல்லி அசோகன் அவன் தோளில் கை போட்டான். இரண்டு பேரும் கால் பின்னப் பின்ன, லாரி வரிசையின் ஓரமாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தார்கள்.